பூமிக்கடியில் 295 கிலோமீட்டர்

ஜப்பானின் கிழக்குக் கடற்கரையில் தொக்காய் என்றொரு ஊர் இருக்கிறது. அங்குள்ள ஜே-பார்க் துகள் முடுக்கி நிலையத்திலிருந்து நியூட்ரினோ என்ற துகள்களின் கற்றை ஒன்றைத் தரைக்குள் பாய்ச்சுகிறார்கள். மேற்கே 295 கிலோமீட்டர் தள்ளி, கமியோக்கா சுரங்கத்துக்குள் இருக்கும் சூப்பர்-கமியோகாண்டே என்ற நீர்த்தொட்டியை அது ஒரு மில்லி நொடியில் அடைந்துவிடுகிறது. இதற்காக யாரும் குகைப்பாதை வெட்டவில்லை. பூமி வளைந்திருப்பதால் நடுவழியில் கற்றை கடல்மட்டத்துக்குச் சுமார் 1,700 மீட்டர் கீழே போகிறது. நியூட்ரினோவுக்குப் பாறையும் வெற்றிடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த ஆய்வின் பெயர் டி2கே.

எதற்காக இவ்வளவு தூரம்? நியூட்ரினோவில் எலக்ட்ரான், மியூவான், டாவ் என மூன்று வகைகள் உண்டு. ஒரு வகையாகப் புறப்பட்டது போகிற வழியில் வேறு வகையாக மாறும். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களில் இந்த மாற்றத்தை இதே தொட்டி 1998இல் காட்டியது; அதற்காக 2015ஆம் ஆண்டின் நோபல் பரிசில் தக்காகி கஜிதாவுக்குப் பங்கு கிடைத்தது. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது இந்த மாற்றத்தால்தான் உறுதியானது. ஆனால் வானிலிருந்து வருபவை எங்கே பிறந்தன, எத்தனை பிறந்தன என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. கற்றையை நாமே உண்டாக்கினால் கிளம்பியதையும் வந்து சேர்ந்ததையும் ஒப்பிட்டுக் கணக்குப் பார்க்கலாம்.

உண்டாக்கும் முறை இதுதான். வேகமேற்றிய புரோட்டான்களை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளமுள்ள கிராஃபைட் தண்டின்மேல் மோதவிடுகிறார்கள். மோதலில் பையான் என்ற துகள்கள் சிதறும். அவற்றுக்கு மின்னூட்டம் இருப்பதால் காந்தப்புலத்தால் ஒரே திசையில் குவித்துவிடலாம். குவிந்த பையான்கள் நீண்ட குழாய் ஒன்றுக்குள் பறந்தபடியே சிதைந்து, மியூவான் வகை நியூட்ரினோக்களைத் தருகின்றன. காந்தங்களில் மின்சாரத்தின் திசையை மாற்றினால் எதிர்நியூட்ரினோக் கற்றை கிடைக்கும். கிளம்பும் கற்றையின் தன்மையை 280 மீட்டர் தொலைவிலேயே ஓர் அருகு உணர்கருவி பதிவு செய்துகொள்கிறது.

இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது கற்றையைக் குறிவைத்திருக்கும் விதம். அதன் மையம் தொட்டியை நோக்கி இல்லை. வேண்டுமென்றே 2.5 பாகை விலக்கி வைத்திருக்கிறார்கள். இப்படிச் செய்தால் தொட்டிக்கு வரும் நியூட்ரினோக்களின் மொத்த எண்ணிக்கை குறையும், தெரிந்தேதான் செய்கிறார்கள். காரணம் பையான் சிதையும் விதத்தில் இருக்கிறது. நேர்முன்னே போகும் நியூட்ரினோவின் ஆற்றல், தாய்ப்பையானின் ஆற்றலுக்கேற்ப ஏறும், இறங்கும். அதனால் நேர்க்கோட்டில் எல்லா ஆற்றலும் கலந்து வரும். சற்று விலகிய திசையிலோ, பையான் எவ்வளவு வேகமாகப் போனாலும் நியூட்ரினோவின் ஆற்றல் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். 2.5 பாகையில் அந்த அளவு சுமார் 60 கோடி எலக்ட்ரான் வோல்ட். 295 கிலோமீட்டர் போனபின் வகைமாற்றம் உச்சத்தில் இருப்பதும் அதே ஆற்றலில்தான். தேவையற்ற ஆற்றலில் வந்து பார்வையைக் குழப்புபவை குறைந்து, தேவையானவை கூடுகின்றன. இந்த உத்தியை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது டி2கேதான்.

தொட்டியில் இருப்பது 50,000 டன் நீர். சுவரெங்கும் அரை மீட்டர் விட்டமுள்ள ஒளி உணர்குழாய்கள், சுமார் 11,000. வருகிற நியூட்ரினோக்களில் மிகமிகச் சிலவே நீரின் அணுக்கருவில் மோதும். மியூவான் வகை மோதினால் மியூவானும் எலக்ட்ரான் வகை மோதினால் எலக்ட்ரானும் கிளம்பும். நீரில் ஒளியின் வேகத்தையும் மிஞ்சி ஓடும் அந்தத் துகள், படகு தன் பின்னே அலை விரிப்பதுபோல நீலநிறச் செரன்கோவ் ஒளியைக் கூம்பாக விரிக்கிறது. அது சுவரில் வளையமாக விழும். மியூவான் நேராகப் போவதால் வளையத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். எலக்ட்ரான் வழியில் மேலும் பல துகள்களைக் கிளப்பிவிடுவதால் விளிம்பு கலங்கித் தெரியும். எந்த வகை வந்தது என்பதை அந்த விளிம்பை வைத்துத்தான் சொல்கிறார்கள். வளையம் தோன்றிய நேரத்தை ஜிபிஎஸ் கடிகாரத்தால் கற்றை கிளம்பிய நேரத்தோடு ஒப்பிட்டு, வேறெங்கிருந்தோ வந்தவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள்.

2011 மார்ச் 11 அன்று கிழக்கு ஜப்பானைப் பெருநிலநடுக்கம் உலுக்கியது. ஜே-பார்க் சேதமடைந்து கற்றை நின்றது. அதுவரை சேர்ந்திருந்த பதிவுகளை ஆராய்ந்து, மியூவான் வகையாகக் கிளம்பி எலக்ட்ரான் வகையாக வந்து சேர்ந்தவை என்று கருதத்தக்க 6 நிகழ்வுகளை அந்த ஜூனில் அறிவித்தார்கள். தேடிய மாற்றம் நிகழவில்லை என்றால் எதிர்பார்த்திருக்க வேண்டியது 1.5 மட்டுமே. பழுதுபார்த்துக் கற்றையை மீண்டும் ஓட்டி, 2013க்குள் எண்ணிக்கை 28 ஆனது. ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அடுத்த கேள்வி இன்னும் பெரிது. நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒரேபோல மாறுகின்றனவா? ஒரேபோல மாறவில்லை என்றால், பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் அழிந்து பொருள் மட்டும் ஏன் எஞ்சியது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கலாம். 2020இல் வெளியான முடிவில் எலக்ட்ரான் வகை நியூட்ரினோ 90, எதிர்நியூட்ரினோ 15. வகைமாற்றம் நியூட்ரினோவின் பக்கம் உச்சமாகச் சாய்ந்தால் கணக்குப்படி வரவேண்டியவை 82, 17. எதிர்ப்பக்கம் உச்சமாகச் சாய்ந்தால் 56, 22. சாய்வு எந்தப் பக்கம் என்று எண்கள் கோடி காட்டுகின்றன. கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்ல இது போதாது. பல ஆண்டுகள் ஓட்டியும் கையில் இருப்பவை நூற்றுச்சொச்ச நிகழ்வுகளே.

ஆகவேதான் ஜப்பானில் ஹைப்பர்-கமியோகாண்டே எழும்பிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 2,60,000 டன் நீர், அதே 295 கிலோமீட்டர், அதே 2.5 பாகை. அமெரிக்காவின் டியூன் ஆய்வு வேறு வழியில் போகிறது. சிகாகோவை அடுத்த ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து தெற்கு டகோட்டாவின் பழைய தங்கச் சுரங்கம் வரை 1,300 கிலோமீட்டர். நீருக்குப் பதில் திரவ ஆர்கான். அங்கே கற்றையை விலக்காமல் நேராகவே விடப்போகிறார்கள். பல ஆற்றல்களில் வகைமாற்றம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். தூரம் கூடுவதால் வழியிலுள்ள பாறை அந்த மாற்றத்தைக் கொஞ்சம் திருத்தும்; மூன்று நிறைகளில் எது கனமானது என்ற வரிசையை அந்தத் திருத்தத்திலிருந்து கண்டுகொள்ளலாம்.