ஃபார்மட் செய்யும் முன்...

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம். கணினி ஆய்வகத்தில் உபுண்டு லினக்ஸ் உள்ள ஒரு கணினி மட்டும் இயங்க மறுத்தது. ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்துவிட்டு, 'எமர்ஜென்சி மோட்' என்று கறுப்புத் திரையில் வந்து நின்றது. கடைசியாக அதில் அமர்ந்திருந்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். "என்னடா செய்தாய்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவன் தலை குனிந்துகொண்டான்.

பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்தால், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்றார். மூன்று ஆண்டுகளாக மாணவர்கள் செய்த செயல்திட்டங்கள் அனைத்தும் அதில்தான் இருந்தன. வேறு படி எடுத்து வைக்கவில்லை.

திரையில் இருந்ததை நிதானமாகப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. கோடை விடுமுறையில் அதன் இரண்டாவது வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் பொருத்தியவன் நானே.

லினக்ஸ் தொடங்கும்போது 'இடிசி' கோப்புறையில் உள்ள 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பைப் படிக்கும். எந்த வட்டை எந்தக் கோப்புறையில் இணைக்க வேண்டும் என்பது அதில் வரிக்கு ஒன்றாக இருக்கும். நம் வருகைப் பதிவேடு மாதிரிதான். டி.சி. வாங்கிச் சென்ற மாணவனின் பெயரை அடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? நாம் 'ஆப்சென்ட்' போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்குவோம். லினக்ஸ் அப்படியல்ல. 90 நொடிகள் காத்திருக்கும். வராவிட்டால் வகுப்பையே நிறுத்திவிடும்.

கறுப்புத் திரையில் என்டர் விசையை அழுத்தியதும் கட்டளை இடும் இடம் வந்தது. (நிர்வாகிக் கடவுச்சொல் அமைத்திருந்தால் அதைக் கேட்கும்.) 'பி எல் கே ஐ டி' என்ற கட்டளை, இப்போது இணைந்துள்ள வட்டுகளின் அடையாள எண்களைக் காட்டும். எஃப்எஸ்டேப் கோப்பை 'நானோ' தொகுப்பானில் திறந்து ஒப்பிட்டேன். ஒரு வரியில் இருந்த எண் மட்டும் பட்டியலில் இல்லை. அந்த வரியின் தொடக்கத்தில் # குறி இட்டுச் சேமித்தேன். குறி இட்ட வரியை லினக்ஸ் படிக்காது. வரியை அழித்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படலாம். மறுதொடக்கம் செய்ததும் கணினி வழக்கம்போல் இயங்கியது. செயல்திட்டங்கள் அப்படியே இருந்தன.

அடிக்கடி கழற்றி மாட்டும் வட்டு என்றால், அதன் வரியில் 'டிஃபால்ட்ஸ்' என்ற சொல்லை ஒட்டி, இடைவெளி இல்லாமல் காற்புள்ளி இட்டு 'நோஃபெயில்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்துவிடலாம். வட்டு வந்தால் இணைக்கும். வராவிட்டாலும் கணினி தொடங்கிவிடும். இயங்குதளம் இருக்கும் வட்டின் வரியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து, தவறு என்னுடையது என்று அதே வகுப்பின் முன் சொன்னேன். பிறகு நோஃபெயில் சேர்க்கும் வேலையை அவனிடமே கொடுத்தேன். காற்புள்ளியை மறந்துவிட்டு, தானே கண்டுபிடித்துத் திருத்தினான்.