குறுவல்லூறும் ஒளித்த பேழையும்

வல்லூறு என்றதும் புறாவைப் பாய்ந்து பற்றும் பெரும் பறவையே நினைவுக்கு வரும். அவ்வினத்தைச் சார்ந்து, சிட்டுக்குருவியளவே உள்ள பறவை ஒன்றும் உண்டு. பிறையிலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அப்பால் தெரியும் பினாங்குத் தீவின் காட்டோரங்களில் அது வாழ்கிறது. தமிழகத்துக் காடுகளில் அஃது இல்லாமையால் பழம்பெயரும் கிடைப்பதற்கில்லை. குறுந்தொகையில் வரும் எழால் வேறு பறவை. கருந்தொடைக் குறுவல்லூறு எனலாம்.

நீளம் ஏறத்தாழ 6 அங்குலம். எடை 35 கிராம் அளவு. மேற்புறம் பளபளக்கும் கருமை, மார்பு வெண்மை, வயிறு செம்பழுப்பு. பட்ட மரத்தின் உச்சிக் கிளையில் இரண்டு மூன்றாக நெருங்கி அமர்ந்திருக்கும். தும்பியோ வண்ணத்துப்பூச்சியோ பறந்தால் பாய்ந்து பற்றி, பெரும்பாலும் இருந்த இடத்திற்கே திரும்பிவிடும். சிறு பறவைகளும் சில வேளை இரையாவதுண்டு.

இத்தகைய வேட்டைக்காரனுக்கு வீடு கட்டத் தெரியாது. அதன் அலகு தசையைக் கிழிக்குமே தவிர மரத்தைத் துளைக்காது. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து கைவிட்ட பொந்தில்தான் அது முட்டையிடும். பொந்து இல்லையேல் குஞ்சும் இல்லை.

அண்மைக் காலத்தில் பொந்தைத் தேடுவோர் வேறு சிலரும் தோன்றியுள்ளனர். செயற்கைக்கோள் வழிகாட்டியின் குறிப்பலைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. மே 3ஆம் நாளே ஓரிகான் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டில் ஒளித்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வெளியிட்டார். ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டு அவ்வாறு பிறந்தது, மலேசியாவிலும் ஆடப்படுகிறது. ஒளித்த பேழையைக் கண்டவர் அதனுள் இருக்கும் ஏட்டில் பெயரெழுதிவிட்டு, பேழையை இருந்தபடியே வைத்துவிட வேண்டும்.

மழை நனைக்காத, கண்ணுக்குப் புலப்படாத இடமென்றால் மரப்பொந்தைவிடச் சிறந்தது எது? இங்கேதான் சிக்கல். குறுவல்லூற்றின் பொந்து பெரும்பாலும் கைக்கெட்டாத உயரத்தில் இருப்பதால், பேழை நேரே அதனை அடைப்பது அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் உளுத்த அடிமரங்களில் தாழ்வாகக் குடையும் பறவைகள் உள. மரமேறிக் காண வேண்டிய பேழைகளும் உள. அதைவிடப் பெருங்கேடு ஒன்றுண்டு. ஆள் நடமாட்டம் மிகுந்த வழியோரத்தில் பட்ட மரம் நின்றால், விழுந்துவிடும் என்றஞ்சி வெட்டிவிடுவது எங்கும் வழக்கம். அச்சம் பொருளற்றதன்று, எனினும் வெட்டப்படுவது குறுவல்லூற்றின் வீடும் காவல் மேடையுமாகிய மரமே.

இவ்விளையாட்டின் விதிகளே நிலத்தைத் தோண்டிப் புதைப்பதையும் மரத்தில் ஆணியறைவதையும் தடுக்கின்றன. நிலத்துக்குரியவரின் இசைவையும் கேட்கின்றன. ஜெர்மனியில் வௌவால்கள் குளிர்காலத்தில் உறங்கும் குகைகளிலுள்ள பேழைகளை அக்காலத்தில் தேடக்கூடாது. கூடு கட்டும் பருவத்தில் இவ்வாறே சில வழிகளை விலக்கி வைக்கலாம். பட்ட மரத்தை வெட்டாமல் நடைவழியைச் சற்று வளைத்தும் விடலாம். 1884இல் தொடங்கிய தண்ணீர்மலைத் தாவரப் பூங்காவுக்கும், 2003இல் தெலுக் பஹாங்கில் அமைந்த தேசியப் பூங்காவுக்கும் இவை அரிய செயல்களல்ல. பேழையே இல்லாத ஆட்டவகையும் உண்டு: குறித்த இடத்திற்குச் சென்று, அங்குள்ளதை உற்றுநோக்கி, ஒரு வினாவுக்கு விடை எழுதினால் போதும். உச்சிக் கிளையில் எத்தனை பறவைகள் அமர்ந்துள்ளன என்பதும் அத்தகைய வினாவாகலாம்.