தஞ்சையிலும் கூடட்டும் கணினிக்காரர்கள்

தரவு, மென்பொருள் துறையினர் கூடிப் பேசிக் கற்கும் சந்திப்புகள் பெருநகரங்களுக்கே உரியவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விழுப்புரம் அதை எப்போதோ பொய்யாக்கிவிட்டது. அங்குள்ள குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைப் பல ஆண்டுகளாகச் சொல்லித்தருகிறது. காஞ்சிபுரத்திலும் அப்படியொரு குழு உண்டு. தஞ்சைக்கும் இது வேண்டும். கணக்கிட்டுப் பார்க்க வேண்டியவை இங்கே வயலிலேயே கிடக்கின்றன.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிடி நெல்லை அள்ளி ஈரப்பதமானியில் போடுகிறார்கள்; 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காயவைக்க வேண்டியதுதான். குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டால் இந்த வரம்பில் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், அதற்குள் நெல் முளைத்துவிடும். எந்த வட்டாரத்தில் எந்த வாரம் ஈரம் எகிறும் என்பதை மழையளவு, மேட்டூர் அணைத் திறப்புத் தேதி, நடவுக் காலம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க, நிரல் எழுதுபவரும் விவசாயியும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் ஒன்றாக உட்கார வேண்டும். இணையத்திலேயே பேசலாமே என்பார்கள். பாடம் கற்க அது போதும். களத்து நெல்லைக் கையில் எடுத்துப் பார்க்காதவருக்கோ எதைக் கேட்பது என்றே பிடிபடாது. படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்களே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். உண்மைதான். ஆனால் சாஸ்திரா போன்ற பல்கலைக்கழகங்களில் பொறியியல் மாணவர்கள் இங்கே இருக்கும் நான்கு ஆண்டுகள், ஒரு குழுவைத் தொடங்கி அடுத்தவர் கையில் ஒப்படைக்கத் தாராளமாகப் போதும்.