முதல்ல கால், அப்புறம் மைலேஜ்!

பைக் வாங்கப் போனால் நம்ம ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் என்ன சார்?" என் முதல் கேள்வி, "சீட் எவ்வளவு உயரம்?" விபத்தில் அடிபட்ட என் வலது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்க முடியாது. அதுக்காக ஏற்காட்டையும் ஏலகிரியையும் காலண்டர்லயே பார்த்துக்கிட்டிருக்க முடியுமா?

ஹிமாலயன் 450-க்கு சீட் உயரம் 825 மில்லிமீட்டர். என்னைப் போன்றவர்களுக்கு ஏணி வேண்டும்! மீட்டியார் 350-க்கு 765. அவெஞ்சர் 220 க்ரூஸுக்கு 737தான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம். அளப்பது ஓட்டுபவர் உட்காரும் இடத்தை. நம் கால் தாண்டுவதோ பின்சீட்டை! அதன் மேல் மூட்டை கட்டினால் காம்பவுண்டு சுவர்தான். பைகள் பக்கவாட்டில் தொங்கட்டும்.

இடது கால் பலவீனமா? எடையைப் பாருங்க. மீட்டியார் 191 கிலோ. சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போது தாங்கப் போவது அந்தக் கால்தான்.

ஷோரூமில் பத்து தடவை ஏறி இறங்குங்க. சேல்ஸ்மேன் முறைப்பார், முறைக்கட்டும். 200 கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த கால், காலையில் தூக்கின அளவுக்குத் தூக்காது. பத்தாவது தடவையும் யார் தோளையும் பிடிக்காமல் ஏற முடிந்தால், பில் போடச் சொல்லுங்க. தனியா ஏறி இறங்க முடிஞ்சாத்தானே சார், தனியா ஊர் சுத்த முடியும்?