பழைய மோட்டார் வண்டியும் பெற்றோற் சிக்கனமும்

யாழ்ப்பாணத்துக்கு முதன்முறை வருவோர் கண்ணிற் படுவனவற்றுள் இவ்வூரின் பழைய மோட்டார் வண்டிகளும் அடங்கும். பிறந்த நாட்டிலே அரும்பொருட் காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கும் உரியனவாகிவிட்ட ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்பன இங்கு இன்னும் உழைத்துண்கின்றன. அவற்றின் உடல்வலிமையைப் பாராட்டாதார் இல்லை; அவை குடிக்கும் பெற்றோலை எண்ணிப் பெருமூச்சு விடாதாரும் இல்லை. இப்பெருமூச்சிற் பெரும்பகுதி வேண்டாதது என்பதையும், குறை வண்டியின் முதுமையிலன்றிக் காபுரேற்றர் என்னும் சிறு கருவியின் ஒழுங்கின்மையிலேயே பெரிதும் கிடக்கின்றது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைப் பட்டதாரியாகிய ஒருவனுக்கு இவ்விடயத்தில் என்ன அதிகாரம் உண்டென விஞ்ஞான ஆசிரியர்கள் வினவலாம். வெளிவாரிப் பரீட்சைக்குப் படித்தவனுக்கு ஆசிரியர் இல்லாதவிடத்து நூலே ஆசிரியர். அவ்வழக்கத்தால், தந்தையார் விட்டுச் சென்ற 1963 ஆம் ஆண்டு மொறிஸ் மைனரையும் அதன் பழுதுபார்ப்பு நூலையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் படித்தேன். ஐயம் வந்தபொழுது பௌதிக ஆசிரியரை நாடினேன்.

எங்கள் தலைமுறையினர் காபுரேற்றரை முதலில் அறிந்தது துன்பத்தின் வாயிலாகவே. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது நின்றது. மண்ணெண்ணெயே வண்டிகளுக்கு உணவாயிற்று. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. ஆதலின் சில துளி பெற்றோலைக் காபுரேற்றரின் வாயில் விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அவ்வெண்ணெய் பெற்றோலிலும் எளிதாகத் தட்டோசை எழுப்பும் இயல்பினது. அதனாற் பொறி பாயும் நேரத்தைப் பின்தள்ள வேண்டியிருந்தது. எரியாத எண்ணெய் கீழிறங்கி உராய்வெண்ணெயையும் நீர்த்துவிடும். அமுக்க விகிதம் தாழ்ந்த பழைய இயந்திரங்கள் இவ்வளவையும் பொறுத்துக்கொண்டன. சிறுவனாகிய நான் மருந்துப் போத்தலிற் பெற்றோல் ஏந்தி நிற்க, தந்தையார் முடுக்குவார். ஒரு துளி சிந்தினாலும் ஏச்சு விழும்.

பின்னர் 2022 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எரிபொருட் பங்கீடு வந்தபொழுது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என முதலில் வகுக்கப்பட்டது. எனது வண்டி அந்நாளில் லீற்றருக்கு ஏழரைக் கிலோமீற்றரே ஓடியது. அஃதாவது கலனுக்கு 21 மைல். கிழமைக்கு 150 கிலோமீற்றர் என்க. வீட்டிலிருந்து பாடசாலை 14 கிலோமீற்றர். போக்குவரத்து ஐந்து நாளைக்கு 140. எஞ்சிய பத்துக் கிலோமீற்றரில் நோயாளியாகிய தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று மீளுதல் இயலாது. சிக்கனம் என்பது அப்பொழுது காசைப் பற்றிய பேச்சாக இருக்கவில்லை.

காபுரேற்றரின் தொழில் யாதெனின், பெற்றோலைக் காற்றோடு உரிய அளவிற் கலந்து கொடுத்தலாம். நிறையால் ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிதற்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு வேண்டும். மிகுந்த வலு வேண்டுமாயிற் பன்னிரண்டரை முதற் பதின்மூன்று பங்கு வரை காற்றைக் குறைக்கலாம். சிக்கனம் வேண்டுமாயிற் பதினாறு வரை கூட்டலாம். அதற்கப்பாற் கலவை மெலிந்து சுவாலை மந்தமாகும், இயந்திரம் சூடேறும், வெளியேற்று வால்வு கருகும். மேலும், வலுக் குறைந்தமையால் ஓட்டுநர் மிதிகட்டையைப் பின்னும் அமர்த்துவார். மிச்சம் பிடிக்கக் கருதிய பெற்றோல் அவ்வழியாற் போய்விடும். மெலிந்த கலவையே சிக்கனம் என்னும் கராச்சுப் பழமொழி ஓர் எல்லைவரையே உண்மை.

மொறிஸ் மைனரிற் பொருத்தப்பெற்ற எஸ்.யூ. காபுரேற்றர் ஓர் அழகிய கருவி. அதனை ஆக்கியோர் ஸ்கின்னர் என்னும் குடும்பத்தினர். இங்கிலாந்திற் சப்பாத்து வணிகஞ் செய்தோர். முதற் காபுரேற்றரில் தோலாற் செய்த துருத்தியே இருந்தது என்றால் குலத்தொழில் கைவிடவில்லை என்பது விளங்கும். 1926 இல் மொறிஸ் அந்நிறுவனத்தை வாங்கினார். ஏனைய காபுரேற்றர்களிற் காற்றுச் செல்லும் கழுத்து ஒரே அளவினது. அக்கழுத்தில் வேகம் மிகும், மிகவே, பேணூலியின் விதிப்படி அமுக்கங் குறையும், பெற்றோல் உறிஞ்சப்படும். ஆயினும் சிறு காற்றுக்கும் பெருங் காற்றுக்கும் ஒரே கழுத்துப் பொருந்தாமையால், அவற்றிற் பல தாரைகளை அமைக்க வேண்டியதாயிற்று. எஸ்.யூ. வகையிலோ கழுத்தே தன்னை விரித்துச் சுருக்கிக்கொள்ளும். இயந்திரம் கூடுதலாக உறிஞ்ச, ஒரு முசலம் மேலெழும். அதனோடு பிணைந்த கூரிய ஊசியும் தாரைத் துளையினின்று மேலெழும். ஊசி நுனிநோக்கி ஒடுங்குவதால், எழ எழத் துளைக்கும் ஊசிக்கும் இடைப்பட்ட வளைய இடைவெளி அகலும், பெற்றோலும் கூடும். எனவே அவ்வூசியின் வடிவமே அவ்வியந்திரத்துக்குரிய பங்கீட்டு அட்டை.

இங்குதான் பெரும்பாலானோர் இடறுகின்றனர். பழைய காபுரேற்றர் தேய்ந்தபின் மாற்று ஒன்றைத் தேடி வாங்குகின்றோம். வெளித்தோற்றத்தில் ஒன்றேபோல் இருக்கும், ஆணித்துளைகளும் பொருந்தும், வண்டியும் ஓடும். உள்ளிருக்கும் ஊசியோ வேறோர் இயந்திரத்துக்கு அரைந்தது. எனது வண்டியிற் பூட்டப்பெற்றதும் அத்தகையதே. 1098 கன சதம மீற்றர் மைனர் இயந்திரத்துக்கு விதிக்கப்பட்ட ஊசி ஏஎன் என்னும் எழுத்துடையது. ஊசியின் அடிப்பாகத்தில் அவ்வெழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையதில் எழுத்துத் தேய்ந்திருந்தது. பௌதிக ஆய்வுகூடத்து நுண்மானித் திருகுக் கணிச்சியால், தோளிலிருந்து எட்டிலொரு அங்குலத்துக்கு ஓரிடமாக அளந்தேன். நடுப்பகுதியில் அது இருக்க வேண்டியதிலும் 0.05 மில்லிமீற்றர், அஃதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு, மெலிந்திருந்தது.

அவ்வளவுதானே எனலாம். துளையின் விட்டம் 0.090 அங்குலம். ஓரிடத்தில் ஊசி 0.080 இருக்க வேண்டியவிடத்து 0.078 ஆக இருப்பின் வளைய இடைவெளியின் பரப்பு என்னாகும்? விட்டங்களின் வர்க்கங்களைக் கழித்துப் பார்ப்போர்க்கு விடை 17 க்கு 20 என்னும் விகிதமாக வரும். ஏறத்தாழ 18 விழுக்காடு பெற்றோல் வீணே கூடுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத ஒரு மயிரிழைக்கு இத்துணை விலை.

இக்குறையைத் தாரையின் கீழுள்ள திருகுமரையை இறுக்கி நீக்கலாமெனச் சிலர் முயல்வர். மரையை ஏற்றினால் தாரை உயர்ந்து கலவை மெலியும் என்பது மெய்யே. எனினும் வெறுநிலை ஓட்டத்தில் இடைவெளி மிகச் சிறிதாகையால், மரையின் மாற்றம் அங்கேயே பெரிதுந் தாக்கும். ஓட்டத்திற் குறைவாகவே தாக்கும். சந்தியில் நிற்கும்பொழுது இயந்திரம் அணைந்துபோகும். வீதியிலோ முன்போலவே குடிக்கும். ஊசி பிழையாயின் ஊசியையே மாற்றல் வேண்டும்.

காபுரேற்றரைத் தொடுமுன் செய்யவேண்டியன சில உள. வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பிளக் இடைவெளி 0.025, பொயின்ற் இடைவெளி 0.015 என்பன செம்மையாக இருத்தல் வேண்டும். பொறி நேரமும் அவ்வாறே. சில்லை உயர்த்திக் கையாற் சுழற்றிப் பார்க்க. பிறேக் பற்றிக்கொண்டிருப்பின் எக்காபுரேற்றரும் உதவாது. எனது வண்டியின் பின்சில்லு ஒன்று அவ்வாறே பற்றியிருந்தது. இவற்றைச் சீர்செய்த மாத்திரத்தில் லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர் ஆயிற்று.

அடுத்துச் சோக் கம்பி. எஸ்.யூ. வகையிற் சோக் என்பது தாரையைக் கீழே இழுத்துக் கலவையைச் செறிவாக்கும் ஏற்பாடு. கம்பியில் அங்குலத்தின் பதினாறிலொரு பங்கு தளர்வு இல்லாவிடின் தாரை முற்றாக மேலேறாது. நாள் முழுதும் சோக் இழுத்தபடியே ஓடுவதற்கு ஒப்பாகும். மிதவை அறையின் ஊசிவால்வு கசியினும் பெற்றோல் பெருகும். இவ்விரண்டையும் திருத்தப் பத்தரை வந்தது.

இறுதியாகக் கலவை. முசலத்தைக் கையால் உயர்த்தி விட்டால் அது தங்குதடையின்றி வீழ்ந்து ‘டிக்’ என ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிடின் தாரை மையத்தில் இல்லை. பின்னர் மரையை முற்றாக மேலேற்றி இரண்டு முழுச்சுற்றுக் கீழிறக்குக. இது தொடக்கநிலை. இயந்திரம் நன்கு சூடேறியபின், காபுரேற்றரின் அடியிலுள்ள சிறு ஊன்றியை மெல்ல அழுத்தி முசலத்தை அங்குலத்தின் முப்பத்திரண்டிலொரு பங்கு மாத்திரம் உயர்த்துக. இயந்திர வேகம் கூடி அவ்வாறே நின்றாற் கலவை செறிவு. உடனே தளர்ந்து அணையப் பார்த்தால் மெலிவு. ஒரு கணம் கூடிப் பின் பழைய நிலைக்கு வந்தாற் செம்மை. மரைக்கு ஆறு பக்கங்கள் உண்டு. ஒரு முறைக்கு ஒரு பக்கமே திருப்புக. அவசரப்படுவோர் மூன்று நான்கு திருப்பிவிட்டு இடந்தெரியாமல் அலைவர். தணிப்பானில் மெல்லிய இயந்திர எண்ணெய் இருத்தல் வேண்டும். அது வற்றினால் மிதிகட்டையை அமர்த்தும்பொழுது முசலம் துள்ளியெழுந்து கலவை மெலியும்; வண்டி இருமும்.

சரியான ஊசி கொழும்பிலிருந்து வர இரு மாதங்கள் சென்றன. அதனைப் பூட்டியபின், தாங்கியை விளிம்புவரை நிரப்பி ஓடி மீண்டும் நிரப்பி அளக்கும் முறையில் மும்முறை கணக்கெடுத்தேன். சராசரி லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர். கலனுக்கு 34 மைல். 20 லீற்றரில் 240 கிலோமீற்றர் என்றாயிற்று. பாடசாலைக்குப் போக எஞ்சிய நூறு கிலோமீற்றரில் தாயாரின் கிளினிக்கும் அடங்கியது. பங்கீட்டு முறை 2023 செத்தெம்பரில் நீங்கியது. கணக்கெழுதும் கொப்பியை நான் நிறுத்தவில்லை.

பிளக்கின் நிறத்தைக் கொண்டும் கலவையை அறியலாம். கரிபடிந்து கறுத்தால் செறிவு, வெளுத்தால் மெலிவு, வெளிறிய பிஸ்கற்று நிறமே வேண்டுவது. இச்சோதனைக்கு வண்டி ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடியிருத்தல் வேண்டும். வெறுநிலையில் ஓடவிடாது உடனே நிறுத்தவும் வேண்டும். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயில் இதற்கு வாய்ப்பான இடம். எவ்வண்டியும் அங்கு நின்றே செல்லும். நான் சென்ற கிழமை தேங்காயை உடைத்துவிட்டு, சூடு ஆறியபின் நான்கு பிளக்கையுங் கழற்றிப் பார்த்தேன். மூன்று செம்மையாயிருந்தன. நான்காவதில் எண்ணெய் ஈரம் தெரிந்தது. அது காபுரேற்றரின் குற்றமன்று; முசல வளையங்களின் கதை.