வங்காளதேசத்தில் தவணைக்கு வந்த வெளிச்சம்

மின்கம்பி போகாத ஊருக்கு மின்சாரம் போக முடியுமா?

முடியும். 40 லட்சம் வீடுகளுக்கு அப்படிப் போயிருக்கிறது. அது நடந்தது பணக்கார நாட்டில் அல்ல, வங்காளதேசத்தில்!

அது ஆறுகளின் நாடு. கங்கையும் பிரம்மபுத்திராவும் அந்த நாட்டின் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. ஆற்றின் நடுவே மணல் திட்டுகள் உண்டு. அந்தத் திட்டுகளிலும் மக்கள் குடியிருக்கிறார்கள். பெருவெள்ளம் வந்தால் திட்டு கரைந்து போகும். வேறு இடத்தில் புதுத்திட்டு தோன்றும். அப்படிப்பட்ட இடத்தில் மின்கம்பம் நட யார் முன்வருவார்கள்?

2000-ம் ஆண்டு வாக்கில் அந்த நாட்டின் பெரும்பாலான கிராம வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான். புகை கண்ணைக் கரிக்கும். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் படித்தார்கள்.

தகடு எப்படி வேலை செய்கிறது?

வீட்டுக் கூரையில் ஒரு சோலார் தகடு. அதில் வெயில் பட்டதும் மின்சாரம் உண்டாகிறது. எண்ணெய் வேண்டாம், எஞ்சின் வேண்டாம். பகல் முழுவதும் அந்த மின்சாரம் பேட்டரியில் சேருகிறது. இரவில் மூன்று நான்கு விளக்குகள் எரியும். செல்போனுக்கு சார்ஜ் ஏற்றலாம். கொஞ்சம் பெரிய தகடாக இருந்தால் சின்ன டெலிவிஷனும் ஓடும்.

சரி, விலை? ஏழைக் குடும்பத்தின் பல மாத வருமானம்! ஒரே தடவையில் யாரால் கொடுக்க முடியும்?

முன்பணம் கொஞ்சம், மீதி தவணை

2003-ம் ஆண்டில் ஒரு வழி பிறந்தது. உலக வங்கி பணம் தந்தது. "இட்கால்" என்ற அரசு நிதி நிறுவனம் அதைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கடனாகக் கொடுத்தது. அவை கிராமங்களுக்குப் போய்த் தகடுகளை விற்றன. விலையில் 10 அல்லது 15 சதவீதம் முன்பணம் கட்டினால் போதும். மீதியை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதத் தவணையாகக் கட்டலாம். மண்ணெண்ணெய்க்குப் போன காசு தவணைக்குப் போயிற்று.

விற்றதோடு ஆள் மறைந்துவிடவில்லை. தவணை வாங்க வந்தவரே பேட்டரியையும் பார்த்துவிட்டுப் போனார். இந்தத் திட்டம் பிழைத்ததற்கு அதுதான் பெரிய காரணம். கிராமத்துப் பெண்களும் பயிற்சி பெற்று, விளக்குக்கு வேண்டிய கருவிகளைச் செய்து கொடுத்தார்கள்.

ஐந்து ஆண்டுகளில் 50 ஆயிரம் வீடுகள் என்பது முதல் இலக்கு. அது 2005-லேயே முடிந்துவிட்டது! 2018-க்குள் 41 லட்சம் வீடுகளில் தகடு ஏறியது. சுமார் 2 கோடிப் பேருக்கு வெளிச்சம் கிடைத்தது.

கம்பி வந்தது

பிறகு காற்று திசை மாறியது. அரசாங்கம் மின்கம்பியை வேகமாக இழுத்தது. கம்பி மின்சாரத்தில் மின்விசிறி சுழலும், குளிர்பெட்டியும் ஓடும். தகட்டை யார் மதிப்பார்கள்? இன்னொரு பக்கம், அரசாங்கமே சில இடங்களில் தகடுகளை இலவசமாகக் கொடுத்தது. அடுத்த வீட்டுக்காரருக்குச் சும்மா கிடைத்ததற்கு இவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? பலர் தவணையை நிறுத்தினார்கள். கடன் கொடுத்த நிறுவனங்கள் கையைச் சுட்டுக்கொண்டன.

பழைய பேட்டரியும் ஒரு தலைவலி. அதில் இருப்பது ஈயம். அதை வீட்டுப் பக்கத்தில் உடைத்து உருக்கினால் குழந்தைகளின் உடலில் விஷம் ஏறும். வெளிச்சத்துக்குப் பின்னால் இப்படி ஒரு நிழலும் உண்டு.

2022 மார்ச்சில், நாடு முழுவதும் மின்சாரம் வந்துவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் மின்வெட்டு! அந்த நாட்டு மின்நிலையங்களில் பெரும்பாலானவை எரிவாயு, எண்ணெய், நிலக்கரியில் ஓடுபவை. உக்ரைன் போரால் எரிபொருள் விலை எகிறியது. வெளிநாட்டிலிருந்து வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கம்பி இருந்தது, அதில் ஓட மின்சாரம் இல்லை.

மறுபடியும் எல்லோரும் சூரியனைப் பார்க்கிறார்கள்.

இடம் எங்கே?

ஆனால் ஒரு சதுர கிலோ மீட்டரில் ஆயிரம் பேருக்கு மேல் நெருங்கி வாழும் நாடு அது. நெல் விளையும் வயலில் தகடு பரப்பினால் சோற்றுக்கு என்ன செய்வது? அதனால் ஆற்றோரத் தரிசுகளைத் தேடுகிறார்கள். 2023-ல் தீஸ்தா ஆற்றங்கரையில், காய்பாந்தா மாவட்டத்தில், 200 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைக் கூரைகளிலும் தகடுகள் ஏறுகின்றன. ஆனாலும் மொத்த மின்சாரத்தில் சூரியனின் பங்கு இன்னும் மிகச் சிறியதுதான்.

உழவர்களுக்கு இதில் அதிக ஆவல். கோடை நெல்லுக்குத் தண்ணீர் இறைக்க அங்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பம்புகள் ஓடுகின்றன. சூரிய பம்பு வந்த ஊர்களில் பலர் ஒரே பம்பிலிருந்து தண்ணீர் வாங்கி, அதற்குக் காசு கொடுக்கிறார்கள். டீசல் டின்னைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பம்புக்கு வேலை இல்லை. அப்போது தகட்டில் உண்டாகும் மின்சாரம் வீணாகாமல் இருக்க, அதை மின்கம்பியில் ஏற்றி மின்வாரியத்துக்கு விற்கும் ஏற்பாடும் தொடங்கியிருக்கிறது.