அரையிறுதியும் ஆரூடமும்

வாளையாற்றிலிருந்து குமுளி வரையில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும் எல்லைப்புற ஊர்களில், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புதுமையான காட்சியைக் காணலாம். சித்தூர் வட்டத்துத் தேநீர்க் கடைகளின் முகப்பிலும், தேவிகுளம் மலைச்சரிவில் உள்ள தேயிலைத் தோட்ட லயங்களின் கூரைகளிலும் பிரேசில் நாட்டின் மஞ்சள் பச்சைக் கொடியும் அர்ஜென்டினாவின் நீல வெள்ளைக் கொடியும் அசைந்தாடும். உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அரையிறுதிக் கட்டத்தை எட்டியதும், கொடி பிடித்தவர், பிடியாதவர் அனைவருடைய வாயிலும் ஒரே வினா எழும்: "யார் ஜெயிப்பார்கள்?"

இவ்வினாவுக்கு அறிவோடு விடை கூற இயலுமா? இயலுமெனில் எவ்வளவு தூரம் இயலும்? இதனை ஆராய எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் விடுப்பில் மூணாறு சென்று, தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தேன். மழை விடாது பெய்துகொண்டிருந்தது. பிரேசிலும் ஜெர்மனியும் மோதும் அரையிறுதி ஆட்டம் நம் நாட்டுக் கணக்கில் 9-ஆம் தேதி அதிகாலை 1.30 மணிக்குத் தொடங்கவிருந்தது. அன்று மாலை மைத்துனரின் மூத்த மகன் என்னிடம் வந்து, "மாமா, நீங்க பேப்பரெல்லாம் படிக்கிறவரு. எந்தக் கட்சி ஜெயிக்கும்?" என்று கேட்டான். நான் சற்றும் யோசியாமல், "சொந்த மண்ணில் ஆடும் பிரேசிலை யார் வெல்ல முடியும்?" என்றேன். என் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்ட அவன், தன் ஒரு வாரக் கூலியைப் பந்தயத்தில் வைத்தான் என்பதும், அது தங்கையின் பள்ளிச் செலவுக்கென அவன் தாய் ஒதுக்கியிருந்த பணம் என்பதும் பொழுது விடிந்த பின்னரே எனக்குத் தெரிந்தது. ஆட்டத்தின் முடிவை உலகம் அறியும்: ஜெர்மனி 7, பிரேசில் 1. முதல் 29 நிமிடங்களுக்குள்ளேயே ஐந்து கோல்கள் விழுந்துவிட்டன.

அந்தப் பணத்தை நான் ஈடுசெய்தேன். ஆயினும் என் தவறு எத்தகையது என்னும் கேள்வி என்னை விடவில்லை. சொந்த மண்ணின் பலம் பொய்யன்று. 1975-க்குப் பின் தன் நாட்டில் நடந்த முறையான போட்டி ஆட்டம் எதிலும் பிரேசில் அதுவரை தோற்றதில்லை. நான் கருதத் தவறியவை வேறு. கொலம்பியாவுடன் ஆடிய கால் இறுதியில் முதுகெலும்பு முறிந்து நெய்மர் படுத்துவிட்டார். அதே ஆட்டத்தில் இரண்டாம் மஞ்சள் அட்டையைப் பெற்ற அணித் தலைவர் தியாகோ சில்வா அரையிறுதியில் ஆடும் தகுதியை இழந்துவிட்டார். அதற்கு முந்திய சுற்றிலோ சிலி நாட்டைப் பெனால்டி உதைகளால்தான் பிரேசில் கடந்து வந்திருந்தது. இவை அனைத்தும் நாளிதழில் வெளிவந்திருந்தன. நானும் படித்திருந்தேன். ஆனால் விடை கூறும்போது, படித்ததை மறந்து விரும்பியதைச் சொன்னேன். ஆரூடம் பிழைபடுவதற்கு முதற்காரணம் இதுவே. நம் ஆசை, அறிவின் குரலில் பேசத் தொடங்கிவிடுகிறது.

இனி, கணக்கிற்கு வருவோம். அரையிறுதியில் நான்கு அணிகள், இரண்டு ஆட்டங்கள். ஒன்றுமே அறியாத ஒருவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும், இரண்டு ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் சொல்ல நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தோட்டத்தில் நூறு பேர் இவ்வாறு நாணயம் சுண்டினால், ஏறக்குறைய இருபத்தைந்து பேர் மறுநாள் காலை மேதைகளாக விளங்குவர்! ஆகவே, ஒருமுறை சரியாகச் சொன்னவரை உடனே ஞானியாகக் கொள்ளுதல் ஆகாது.

2010-இல் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரக் காட்சிசாலையில் இருந்த பால் என்னும் எண்காலி, அவ்வாண்டு உலகக் கோப்பையில் எட்டு ஆட்டங்களின் முடிவையும் பிழையின்றிக் 'கூறிப்' புகழ்பெற்றது. ஜெர்மனியை ஸ்பெயின் வென்ற அரையிறுதியும் அவற்றுள் ஒன்று. தற்செயலாக எட்டும் சரியாக அமைய 256-இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஆயினும் அவ்வுயிர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் ஆறு ஆட்டங்களுள் நான்கையே சரியாகச் சொல்லியிருந்தது. அன்றியும், உலகெங்கும் எத்தனையோ கிளிகளும் ஆமைகளும் இவ்வாறு குறி சொல்ல வைக்கப்படுகின்றன. தவறியவற்றைச் செய்தித்தாள்கள் மறந்துவிடுகின்றன. தப்பிப் பிழைத்த ஒன்றே புகழடைகிறது.

அங்ஙனமாயின் ஆரூடம் முழுவதும் வீண்தானா? அன்று. அணிகளின் வலிமையை அளக்கும் முறைகள் உள்ளன. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய ஆர்ப்பாட் ஈலோ என்பார் சதுரங்க ஆட்டக்காரர்களுக்காக வகுத்த முறை அவற்றுள் சிறந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. வலியவரை வென்றால் அது மிகுதியாக உயரும். எளியவரை வென்றால் சிறிதே உயரும். இருவரிடையே 200 மதிப்பெண் வேறுபாடு இருப்பின், உயர்ந்தவருக்கு நூற்றுக்கு 76 பங்கு எதிர்பார்க்கலாம். உலகக் கால்பந்துச் சம்மேளனமும் 2018-இல் ஆடவர் தரவரிசைக்கு இம்முறையைத் தழுவிய கணக்கையே ஏற்றுக்கொண்டது.

இவ்வலிமைக் கணக்கின்மேல் வேறு சிலவற்றையும் சீர்தூக்க வேண்டும். யார் காயமுற்றார், யாருக்குத் தடை, எந்த அணி முந்திய ஆட்டத்தில் கூடுதல் நேரம் ஓடிக் களைத்தது, எதற்கு ஓய்வு நாள் மிகுதி என்பன அவை. இவற்றை அறிந்து சொல்பவர், நாணயம் சுண்டுபவரைவிட நிச்சயமாக முன்னிற்பார். ஆனால் மிகவும் முன்னிற்பார் என்று எண்ணிவிடலாகாது. அதற்குரிய காரணம் கால்பந்தின் இயல்பிலேயே இருக்கிறது.

கபடியிலும் கைப்பந்திலும் ஓர் ஆட்டத்தில் பல பத்துப் புள்ளிகள் எடுக்கப்படுகின்றன. ஒரு புள்ளி தற்செயலாகப் போனாலும் அடுத்த பத்துப் புள்ளிகளில் திறமை தன்னை நிலைநாட்டிக்கொள்ளும். கால்பந்திலோ ஒன்றரை மணி நேர ஓட்டத்தின் பயன் இரண்டு மூன்று கோல்களே. கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தும், நடுவர் காணாத ஒரு கையும் முழு ஆட்டத்தையும் புரட்டிவிடக் கூடும்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் பெயரால் வழங்கும் கணக்கொன்று இதனை எண்ணாலேயே விளக்குகிறது. ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 2 கோலும், எதிரணி 1 கோலும் போடும் வலிமையுடையன என்று கொள்வோம். முதல் அணி இருமடங்கு வலியது. இவ்விரண்டும் நூறு முறை மோதினால், வலிய அணி 61 முறை வெல்லும். 21 முறை சமநிலை ஏற்படும். எளிய அணி 18 முறை வெல்லும். அரையிறுதியில் சமநிலைக்கு இடமில்லை. அவற்றைக் கூடுதல் நேரமும் பெனால்டி உதைகளும் தீர்க்கும். சமநிலைகளைச் சரிபாதியாகப் பகிர்ந்தால், எளிய அணி நூற்றுக்கு ஏறத்தாழ 29 முறை இறுதியாட்டத்துக்குச் சென்றுவிடும். இருமடங்கு வலியவரும் பத்தில் மூன்று முறை வீடு திரும்ப நேர்கிறது என்பதை நாம் மனத்தில் இருத்தவேண்டும்.

2014-இன் மற்றோர் அரையிறுதியையும் எண்ணிப் பாருங்கள். ஜெர்மனி ஏழு கோல் போட்ட ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில், அர்ஜென்டினாவும் நெதர்லாந்தும் 120 நிமிடங்கள் ஆடியும் ஒரு கோல்கூட விழவில்லை. பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றது. ஒரே போட்டியின் ஒரே கட்டம். ஓர் ஆட்டத்தில் எட்டுக் கோல், மற்றொன்றில் ஒன்றுமில்லை.

நம் நாட்டு அணியும் இத்தகைய அரையிறுதிகளைக் கண்டதுண்டு. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று தோற்கடித்தது. நம்மவருள் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1956-இல் மெல்போர்ன் நகரில், ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று இந்தியா அரையிறுதியை அடைந்தது. நெவில் டிசௌசா அவ்வாட்டத்தில் மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் எதிர்ப்பட்டதோ அதே யூகோஸ்லாவியா. அவ்வணியில் பாலக்காட்டுச் சீமையின் ஒற்றப்பாலத்தில் பிறந்த கோல் காவலர் எஸ். எஸ். நாராயணனும், கோழிக்கோட்டு டி. அப்துல் ரகுமானும் இடம்பெற்றிருந்தனர் என்பது நமக்குப் பெருமை.

பழைய 10-1 கணக்கை மட்டும் பார்த்தவர் யாரை வெற்றியாளர் என்றிருப்பார் என்பதில் ஐயமில்லை. முடிவும் அவ்வாறே அமைந்தது: யூகோஸ்லாவியா 4, இந்தியா 1. ஆயினும் முதற்பாதி கோலின்றிக் கழிந்தது. இரண்டாம் பாதியில் முதல் கோலைப் போட்டவர் நம் டிசௌசாவே. சில நிமிடங்களேனும் உலக ஆரூடம் முழுவதும் தலைகீழாக நின்றது. பின்னர் கால் மணி நேரத்துக்குள் மூன்று கோல்கள் விழுந்தன. வென்றவரைச் சரியாகச் சொன்னவர்களும், தோற்றவர் எவ்வளவு வளர்ந்திருந்தார் என்பதைச் சொல்லவில்லை.

1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. தொடக்கச் சுற்றில் தென் கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று ஒரே கோல் வேறுபாட்டில் கடந்தது. தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கைப் பயிற்சியாளர் ரஹீம் தற்காப்பிலிருந்து முன்வரிசைக்கு மாற்றி நிறுத்தினார். இறுதியாட்டத்தில் எதிர்நின்றது முன்பு தோற்கடித்த அதே தென் கொரியா. எதிரணிக்கே குரல் கொடுத்த பெருங்கூட்டத்தின் நடுவே, பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட, இந்தியா 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. முந்திய ஆட்டத்தின் கணக்கை மட்டும் கொண்டு ஆரூடம் கூறியவர் அன்று பிழைபட்டார். ஆடுவோர் அந்தக் கணக்கிலிருந்து பாடம் கற்று மாறிவிடுகின்றனர் என்பதை அவர் எண்ணவில்லை.

இவ்வுண்மை எங்கள் மலைநாட்டாருக்குப் புதிதன்று. மூணாற்றில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே பல பதிற்றாண்டுகளாக நடந்துவந்த பின்லே கேடயக் கால்பந்துப் போட்டியைக் கண்டவர்கள் இதனை அறிவார்கள். எந்தத் தோட்டத்து முன்வரிசைக்காரனுக்குக் காய்ச்சல், யார் பகலெல்லாம் கவாத்து வெட்டிவிட்டு மாலையில் களம் இறங்குகிறான், யாருக்கு மழைச் சேற்றில் கால் நிலைக்கும் என்பதெல்லாம் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் தம் தோட்டத்து ஆட்டத்தைப் பற்றிக் கூறும் ஆரூடத்தில் அடக்கம் உண்டு. "நம்ம பசங்களுக்குக் கொஞ்சம் சாதகம், ஆனா சொல்ல முடியாது" என்பார்கள். கடல் கடந்த நாடுகளைப் பற்றிப் பேசும்போதுதான் அந்த அடக்கம் போய்விடுகிறது. அறிந்தது குறையக் குறையக் குரல் உயருகிறது.

என் மருமகனுக்கு நான் பணத்தோடு ஒரு குறிப்பேட்டையும் வாங்கிக் கொடுத்தேன். அதில் எழுத வேண்டிய முறை எளிது. ஆட்டத்துக்கு முன்னரே ஆரூடத்தை எழுதிவிட வேண்டும். "இவர்தான்" என்று எழுதாமல், "பத்தில் இத்தனை பங்கு" என்று எழுத வேண்டும். அதற்குரிய காரணத்தையும், தவறினால் எதனால் தவறும் என்பதையும் ஒரு வரியில் குறிக்க வேண்டும். பல ஆட்டங்கள் கழிந்த பின், "பத்தில் ஏழு" என்று எழுதியவற்றுள் உண்மையில் ஏழில் ஏழுக்குப் பக்கமாகப் பலித்ததா, பத்துக்கு ஏழு என்னும் அளவில் பலித்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாமே பலித்திருந்தால், தன் அறிவைக் குறைத்து மதித்தான் என்று பொருள். பாதிதான் பலித்தது எனில், மிகுத்து மதித்தான் என்று பொருள்.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் கத்தார் நாட்டு உலகக் கோப்பையின் அரையிறுதிக்கு முன் அவன் தொலைபேசியில் அழைத்தான். அர்ஜென்டினா குரோஷியாவை வெல்லப் பத்தில் ஆறு. பிரான்ஸ் மொராக்கோவை வெல்லப் பத்தில் ஏழு என்றான். முதன்முதலாக அரையிறுதி கண்ட ஆப்பிரிக்க அணி மொராக்கோ. ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வெளியேற்றி வந்திருந்தது. "மனசு மொராக்கோ பக்கம்தான் மாமா, கணக்குத்தான் பிரான்ஸ் பக்கம்" என்றான். அர்ஜென்டினா 3-0 என்றும், பிரான்ஸ் 2-0 என்றும் வென்றன. நான் பாராட்டினேன். "ரெண்டும் சேர்ந்து பலிக்கிறதுக்குப் பாதி வாய்ப்புக்கூட இல்ல மாமா. அதிர்ஷ்டமும் சேர்ந்துக்கிச்சு" என்றான் அவன். ஆறையும் ஏழையும் பெருக்கிப் பார்த்தேன், நூற்றுக்கு நாற்பத்திரண்டு. பையன் சொன்னது சரியே.

எவ்வளவு பந்தயம் வைத்தாய் என்று கேட்டேன். தேநீர்க் கடையில் ஒரு பருப்பு வடை என்றான். தங்கை அதற்குள் கல்லூரியில் சேர்ந்துவிட்டிருந்தாள்.